ஸ்கிரீன் ரீடர் திடீர் திடீரென்று பேசாமல் போனது: ரேம் வரை தேடிப் போன அனுபவம்

கணினி மந்தமானால் பார்வையுள்ளவருக்குத் திரையில் வட்டம் சுழல்வது தெரியும், காத்திருப்பார். எனக்குப் பார்வை இல்லை, அந்த வட்டமும் இல்லை. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை நம்பித்தான் வேலை. பேச்சு நின்றால் திரையே இல்லாமல் போன மாதிரிதான். மெஷின் ஹேங் ஆகிவிட்டதா, என்விடிஏ (நான் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர்) மட்டும் நின்றுவிட்டதா, உள்ளே இன்னும் வேலை நடக்கிறதா, எதுவும் தெரியாது.

என் லேப்டாப்பில் இருந்தது 4 ஜிபி ரேமும் (ஓடும் வேலைகளுக்கான மெமரி) பழைய ஹார்ட் டிஸ்க்கும். குரோமில் நாலைந்து டேப், பக்கத்தில் ஒரு வேர்டு ஃபைல் திறந்திருந்தால் போதும், அம்புக்குறியை அழுத்திவிட்டுக் குரலுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் அழுத்தும் கீ எதுவும் வீணாகாது என்பதுதான் ஆபத்து. எல்லாம் வரிசையில் நின்று, மெஷின் விழித்ததும் ஒரே மூச்சில் ஓடும். ஒரு வேலைக்கான ஆன்லைன் விண்ணப்பத்தில் இப்படித்தான் தேங்கி நின்ற என்டர் நேராக 'சமர்ப்பி' பட்டனில் போய் விழுந்தது. பிறந்த தேதி நிரப்பாததால் படிவம் திரும்பி வந்தது, பிழைத்தேன்.

கேட்டவர்கள் எல்லோரும் ஸ்கிரீன் ரீடரைத்தான் குறை சொன்னார்கள். "ஃப்ரீ சாஃப்ட்வேர்தானே, அப்படித்தான் இருக்கும். ஜாஸ் வாங்கிடுங்க" என்று காசு கொடுத்து வாங்கும் இன்னொரு ஸ்கிரீன் ரீடரைச் சொன்னார் ஒரு நண்பர். எனக்கு அது ஒப்பவில்லை. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் என்விடிஏ. அது இலவசமாகக் கிடைத்திருக்காவிட்டால் நான் கணினியையே தொட்டிருக்க மாட்டேன். குற்றம் சாட்டுவதற்கு முன் சோதித்துவிடலாம் என்று இறங்கினேன்.

என்விடிஏ கீயோடு க்யூ அழுத்தினால் வரும் பெட்டியில், ஆட்-ஆன்களை (கூடுதலாகச் சேர்த்த துணை நிரல்களை) முடக்கிவிட்டு மறுபடி தொடங்கும் வசதி உண்டு. செய்தேன்; அப்போதும் தொங்கியது. ஆக ஆட்-ஆன் காரணமில்லை. என்விடிஏ கீயோடு எஃப்1 அழுத்தி லாகை (என்விடிஏ தன் செயல்களைக் குறித்து வைக்கும் பதிவை) படித்தால், பேச்சு நின்ற நேரங்களில் எல்லாம் 'கோர் ஃப்ரோசன்', அதாவது மையப் பகுதி உறைந்துவிட்டது, என்று பதிவாகியிருந்தது. அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரி 90 சதவீதத்துக்கு மேல். என்விடிஏ எடுத்தது அதில் சிறு பங்குதான். பெரும்பங்கு பிரவுசருக்குப் போயிருந்தது.

இதை விளங்கிக்கொண்ட பிறகுதான் எனக்குத் தெளிவு வந்தது. வலைப்பக்கத்தை என்விடிஏ திரையிலிருந்து படிப்பதில்லை. தலைப்பு, லிங்க், பட்டன், எழுத்து என்று எல்லாவற்றையும் பிரவுசரிடம் கேட்டு வாங்கி மெமரியில் ஒரு நகல் கட்டிக்கொள்கிறது. நாம் அம்புக்குறியால் உலாவுவது அந்த நகலில். ஸ்கிரீன் ரீடர் ஓடுவது தெரிந்தால் குரோமும் தன் பங்குக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் கூடுதல் தகவலைக் கட்டி வைக்கிறது. அதே டேபுக்கு நமக்குச் செலவு அதிகம். ரேம் நிரம்பியதும், சற்று நேரம் தொடாமல் இருந்த பகுதிகளை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளிவிடும். திரும்பக் கேட்டால் அங்கிருந்து எடுத்து வர வேண்டும். அதன் வேகம் ரேமோடு ஒப்பிடவே முடியாது. பிரவுசர் பதில் சொல்லும்வரை என்விடிஏவுக்குப் பேச எதுவும் இல்லை.

ரேமே பழுதோ என்றும் பார்த்துவிட நினைத்தேன். ரேமைச் சோதிக்கும் விண்டோஸின் மெமரி டயக்னாஸ்டிக் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடுகிறது. அங்கே எந்த ஸ்கிரீன் ரீடரும் பேசாது. பவர் பட்டனில் கை வைக்காமல் பொறுத்திருந்தால் அதுவாகவே விண்டோஸுக்குத் திரும்பும். முடிவை விண்டோஸ் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் படித்துக்கொள்ளலாம். பழுது இல்லை என்றே வந்தது.

சர்வீஸ் கடையில் இருந்த பையன் கொஞ்சம் பார்த்துவிட்டு, "வைரஸ்கூட இல்ல சார், நல்லாத்தான் ஓடுது" என்றான். "தம்பி, ஸ்கிரீன் ரீடரைப் போடுங்க. நாலு டேப் திறந்துட்டு, திரை வெளிச்சத்தைக் குறைச்சுட்டு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்க" என்றேன். சற்று நேரத்தில், "என்ன சார், பேசாம நிக்குது?" என்று அவனே கேட்டான். அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பின்மூடியைக் கழற்றினால் ரேம் செருகும் ஒரு ஸ்லாட் காலி. சில மாடல்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், ஸ்லாட்டே இருக்காது, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

8 ஜிபி டிடிஆர்4 வகை ரேமை நானே மாட்டினேன். விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறது, நடுவிலிருந்து சற்றுத் தள்ளி. விரலால் அதைக் கண்டுபிடித்து ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்திச் சாய்வாகச் செருக வேண்டும். பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கத்துக் கொக்கிகளும் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். திருப்பி வைத்தால் உள்ளே போகவே போகாது. பார்வையே தேவைப்படாத வேலை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உலோகம் எதையாவது தொட்டு உடம்பிலுள்ள மின்னூட்டத்தை இறக்கிவிட்டுத் தொடங்கினால் போதும்.

இப்போது அதே டேப்கள், அதே வேர்டு ஃபைல். அழுத்தியதும் குரல் வருகிறது. பெரிய பிடிஎஃப் திறந்தால் இன்னும் கொஞ்சம் திணறும். ப்ளூடூத் ஹெட்செட்டில் முதல் எழுத்து விழுங்கப்படுவதும் தொடர்கிறது. அது ஆடியோ தூங்கி எழும் கோளாறு, ரேம் கூட்டினால் தீராது.

அலுவலகக் கணினியும் 4 ஜிபிதான். மாற்றித் தரக் கேட்டதற்கு, வேர்டு, எக்செல் ஓட இதுவே போதும் என்று பதில் வந்தது. ஸ்கிரீன் ரீடர் ஓடும்போதும் ஓடாதபோதும் மெமரி எவ்வளவு என்று டாஸ்க் மேனேஜரில் குறித்து, என்விடிஏ லாகையும் சேர்த்து மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.