1914 ஜூலை, நாள்வாரியாக

ஜூலை 6

சரயேவோவில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுடப்பட்டார், உடனே உலகப்போர் வெடித்தது என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் கொலை ஜூன் 28, முதல் போர் அறிவிப்பு ஜூலை 28. நடுவில் முழுசாக ஒரு மாதம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் கணக்கில் எல்லாம் கெட்டது நேற்றும் இன்றும்தான். கொலைக்குப் பொறுப்பு என்று சொல்லி செர்பியாவைத் தண்டிக்க, ஜெர்மனியிடம் உதவி கேட்டு ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவிலிருந்து கடிதம் வருகிறது. செர்பியாவுக்காக ரஷ்யா குறுக்கே வந்தாலும் கூட நிற்போம் என்று ஜெர்மன் பேரரசர் கைசர் வில்லியம் வாக்குக் கொடுக்கிறார், மறுநாள் அரசின் தலைமை அமைச்சரான சான்சலர் பெத்மன் ஹோல்வெக் அதை உறுதி செய்கிறார். என்ன செய்யப் போகிறீர்கள், எப்போது, எதுவரை என்று எந்த நிபந்தனையும் இல்லை. கைசர் நார்வே பக்கம் கடற்பயணம் கிளம்பிவிட்டார்.

ஜூலை 14

ஹங்கேரிப் பிரதமர் டிசா இன்றுதான் போருக்குத் தலையாட்டினார். படைவீரர்கள் பலர் அறுவடை விடுப்பில் இருக்கிறார்களாம், அதனால் இன்னும் தாமதம்.

ஜூலை 23

மாலை 6 மணிக்கு செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் ஆஸ்திரியாவின் இறுதி எச்சரிக்கை, 48 மணி நேரக் கெடு. நேரத்தைப் பாருங்கள்: பிரெஞ்சு அதிபர் புவான்கரே ரஷ்யப் பயணம் முடித்துக் கப்பலேறும் வரை காத்திருந்தே கொடுத்தார்கள், நண்பர்கள் இருவரும் உட்கார்ந்து பேசிவிடக் கூடாதே! நிபந்தனைகளும் ஏற்க முடியாதபடி எழுதப்பட்டவைதான். யாருமே விரும்பாத போர் என்று சொல்பவர்கள் இந்த ஒரு நாளை மட்டுமாவது படிக்கலாம்.

ஜூலை 25

கெடு முடிவதற்குச் சற்று முன் செர்பியப் பிரதமர் பாஷிச் தானே பதிலோடு வந்தார். பெரும்பாலும் பணிந்த பதில். தங்கள் மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்பதை மட்டும் மறுத்தார்கள். ஆஸ்திரியத் தூதர் கீஸல் ஒரு பார்வை பார்த்துவிட்டு உறவு முறிந்தது என்றார், 6.30 மணி ரயிலில் ஊரைவிட்டே போய்விட்டார். மூட்டை முடிச்செல்லாம் முன்பே தயார்.

ஜூலை 28

இன்று காலை அந்தப் பதிலைப் படித்த கைசர், போருக்கு இனிக் காரணமே இல்லை என்கிறார்! பெல்கிரேடைப் பிடித்ததும் நின்றுவிடலாம் என்று யோசனை வேறு. பெத்மன் அதை ஆறப்போட்டு, நீர்த்துப்போன வடிவில்தான் வியன்னாவுக்கு அனுப்பினார். வியன்னாவோ அதற்குள் தந்தியில் போரை அறிவித்தாயிற்று.

ஜூலை 30

கைசரும் ரஷ்யப் பேரரசர் சார் நிக்கோலஸும் உறவினர்கள், 'வில்லி', 'நிக்கி' என்று கையெழுத்திட்டு ஆங்கிலத்தில் தந்தி அனுப்பிக்கொள்கிறார்கள். அப்படி ஒரு தந்தியைப் பார்த்துத்தான் நேற்றிரவு சார் முழுப் படைதிரட்டலை நிறுத்தி வைத்தார். இன்று மாலை வெளியுறவு அமைச்சர் சசோனோவும் தளபதிகளும் வற்புறுத்த, மறுபடி உத்தரவு போட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 1

ரஷ்யாமீது ஜெர்மனி போர் அறிவித்துவிட்டது. பிரிட்டன் ஒதுங்கி நிற்கும் என்று லண்டனிலிருந்து ஒரு தவறான நம்பிக்கை வர, அப்படியென்றால் மொத்தப் படையையும் கிழக்கே திருப்பு என்கிறார் கைசர். முடியாது என்கிறார் ஜெர்மன் படைத் தலைமைத் தளபதி மோல்ட்கே. ஆண்டுக்கணக்கில் போட்ட ரயில் அட்டவணை முழுக்க மேற்கு நோக்கி, முதலில் பிரான்ஸை வீழ்த்துவதற்காக. ரஷ்யாவோடு சண்டை என்றாலும் பெல்ஜியம் வழியாகத்தான் போக வேண்டும் என்பது என்ன திட்டமோ!

ஆகஸ்ட் 4

பெல்ஜியத்துக்குள் ஜெர்மன் படை நுழைந்தது, நள்ளிரவுக்குள் பிரிட்டனும் இறங்கிவிட்டது. ஒதுங்கி நிற்க மாட்டோம் என்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே ஜெர்மன் தூதரிடம் வெளிப்படையாகச் சொன்னதே ஜூலை 29-ல்தான். இதை 6-ம் தேதியே சொல்லியிருந்தால் பெர்லின் யோசித்திருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. சொல்லியிருக்க முடியாதே, அதுதான் சிக்கல்: அவருடைய அமைச்சரவையில் பலர் தலையிடவே கூடாது என்ற பக்கம், அந்த மாதம் அவர்களுக்கு இருந்த பெரிய தலைவலியோ அயர்லாந்தின் தன்னாட்சிப் பிரச்சினை.