ஈஸ்ட்ரோஜனும் டோபமினும்: நரம்பறிவியல் தேர்வுக்கு நான் படித்த முறை

நரம்பறிவியல் பாடம் எடுத்திருக்கும் தம்பி தங்கையர் பலர், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமினைக் கூட்டுகிறது என்ற ஒரே வரியை நம்பித் தேர்வுக்குச் செல்கிறார்கள். அந்த வரி பொய்யன்று. ஆனால் மூளையின் எந்தப் பகுதியில், எந்த வழியாக, ஏற்கெனவே எவ்வளவு டோபமின் இருக்கும்போது என்று சொல்லாதவரை அதற்கு மதிப்பெண் குறைவுதான்.

வாசிப்பு வாரத்தில் சிங்கப்பூரில் எங்கள் பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் மத்திய நூலகத்தில் இடம் பிடிப்பது அரிது என்பதால், எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழ்த்தளக் கல்மேசையில் அமர்ந்து, ஒரு பெரிய தாளில் டோபமின் பாதைகள் நான்கையும் வரைந்து, ஒவ்வொன்றின் அருகிலும் ஈஸ்ட்ரோஜன் அங்கே செய்யும் வேலையை எழுதினேன்.

முதலில் ஸ்ட்ரையாட்டம், அதாவது மூளையின் ஆழத்தில் அசைவையும் ஊக்கத்தையும் நெறிப்படுத்தும் பகுதி. கருப்பை அகற்றலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: சோதனைகளில் அகற்றப்படுவது பெண் எலியின் சூலகம். அதன்பின் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்து தூண்டும் டோபமின் வெளியீடு குறைகிறது. ஈஸ்ட்ரோஜனின் முதன்மை வடிவமான எஸ்ட்ராடயோல் கொடுத்தால் மீள்கிறது. இவ்விளைவு சில நிமிடங்களிலேயே தோன்றுவதால் மெதுவாகச் செயல்படும் மரபணு வழி மட்டும் இதை விளக்காது. அங்குள்ள நரம்பணுக்களின் சவ்வில் எஸ்ட்ராடயோல் கால்சியம் நுழைவைத் தணிக்கிறது என்று 1996இல் காட்டப்பட்டது. அதனால் நரம்பணுக்களை அடக்கும் வேதிப்பொருளான காபாவின் வெளியீடு குறைந்து, டோபமின் முனைகள் மீதிருந்த தடை தளர்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இச்சான்றுகள் பெரும்பாலும் எலிகளிலிருந்து வந்தவை என்பதை விடையில் ஒரு சொல்லாவது குறிப்பிடுங்கள்.

முன்னெற்றிப் புறணிக்கு நான் அதிக நேரம் ஒதுக்கினேன், ஏனெனில் சிந்திக்க வைக்கும் கேள்விகள் அங்கிருந்தே வருகின்றன. அங்கு டோபமினைத் திரும்ப உள்ளிழுக்கும் கடத்திகள் குறைவு. ஆகவே அதைச் சிதைக்கும் காம்ட் நொதியின் பங்கு பெரிது. ஈஸ்ட்ரோஜன் அந்நொதியின் மரபணு வெளிப்பாட்டைத் தணிக்கிறது. அப்படியானால் ஈஸ்ட்ரோஜன் உயரும் நாள்களில் எல்லாப் பெண்களுக்கும் செயல் நினைவு (தகவலைச் சிறிது நேரம் மனத்தில் வைத்துக் கையாளும் திறன்) கூர்மையாகுமா? ஆகாது. டோபமினுக்கும் செயல் நினைவுக்கும் உள்ள உறவு கவிழ்த்த யு வடிவிலானது. குறைந்தாலும் கெடும், மிகுந்தாலும் கெடும். காம்ட் நொதியின் 158ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருந்தால் அது வேகமாகவும், மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருந்தால் மெதுவாகவும் இயங்குகிறது. எமிலி ஜேக்கப்ஸும் மார்க் டிஎஸ்பொசிட்டோவும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் மிகுந்த காலத்தில் வேலின் வகையினர் மேம்பட்டனர். மெத்தியோனின் வகையினரோ பின்தங்கினர். ஒரே ஹார்மோன் எதிரெதிர் விளைவுகளைத் தருவதை வளைகோட்டின் மீது இரு புள்ளிகளாக வரைந்து காட்டினால், அரைப்பக்க விளக்கம் மிச்சமாகும்.

ஹைப்போதலாமஸ் பாதையில் திசையே மாறுகிறது: அங்கு டோபமின், பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டினை அடக்க, ஈஸ்ட்ரோஜன் அந்த அடக்கத்தைத் தளர்த்திப் புரோலாக்டினை உயர்த்துகிறது. பொதுவிதியாக எழுதுபவர் சிக்கும் இடம் இதுவே.

டோபமினோடு தொடர்புடைய நோய்களைப் பற்றிய பகுதியில் நிதானம் தேவை. பார்க்கின்சன் நோய் ஆண்களிடம் ஏறத்தாழ 1.5 மடங்கு அதிகம். மனச்சிதைவு பெண்களிடம் சராசரியாகச் சில ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கி, மாதவிடாய் நிற்கும் வயதையொட்டிப் புதிதாகத் தொடங்குவோர் எண்ணிக்கை மீண்டும் சற்று உயர்கிறது. இவை ஈஸ்ட்ரோஜன் காப்பளிக்கிறது என்ற கருத்தோடு பொருந்துகின்றன என்று எழுதுங்கள். நிறுவுகின்றன என்று எழுத வேண்டாம்.