மேம்பாலத்தில் ஏறும்போது மட்டும் தயங்கிய கார்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியாகத் தெஹிவளை மேம்பாலத்தில் ஏறும் இடத்தில்தான் இந்தக் கோளாறு முதலில் எனக்குத் தெரிந்தது. சிக்னலில் பச்சை விழுந்ததும் அக்சிலரேட்டரை மிதித்தால், கார் ஒரு விநாடி மூச்சை அடக்கிக்கொண்டதுபோல நின்று, பிறகு ஓர் உதறலோடு முன்னே பாயும். அந்த ஒரு விநாடிக்குள் பின்னால் வரும் பஸ் முட்டுவதுபோல நெருங்கிவிடும். பிள்ளைகள் பின் இருக்கையில் இருக்கும்போது இதை அனுபவித்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் புரியும்.

எனது கார் 2002ஆம் ஆண்டு ஜப்பானில் உற்பத்தியானது. 1500 சீசீ, ஒட்டோ கியர், பெற்றோல் வாகனம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு வேறு வழியின்றி வாங்கியது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான் என்பதால், இருபது வயதைத் தாண்டிய கார்களோடு கொழும்பில் காலம் தள்ளுபவர்கள் இன்னும் ஏராளம். அவர்களில் யாராவது ஒருவருக்காவது வீண்செலவு குறையட்டும் என்றுதான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காட்டிய கராஜில் பிளக் நான்கையும் மாற்றி, எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ரொட்டில் பொடியைக் கழுவித் தந்தார்கள். பிளக்குகள் உண்மையிலேயே தேய்ந்திருந்தன, அதனால் அந்தச் செலவைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஆனால் தயக்கம் அப்படியே இருந்தது. இரண்டாவது கராஜில் பெற்றோல் பம்ப் பழுது என்றார்கள். அழுத்தத்தை அளந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். அளக்கவில்லை. அளக்காமல் பம்ப் மாற்றுவதற்கு நான் சம்மதிக்கவில்லை. இரண்டு இடத்திலும் காரை நிறுத்தி வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, காது கொடுத்துக் கேட்டார்கள். நிற்கும் காரில் இந்தக் கோளாறு தலைகாட்டுவதே இல்லை.

ஆகவே ஒரு வாரம், தயக்கம் வந்த ஒவ்வொரு தடவையும் அது எந்த நிலையில் வந்தது என்பதைக் குறித்து வைத்தேன். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் வந்தது, மாலையில் நன்றாகச் சூடேறிய பிறகும் வந்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், மெதுவாக ஊர்ந்து திடீரென்று மிதிக்கும்போதும் வந்தது. மெரின் டிரைவில் 50 கிலோமீற்றர் வேகத்தில் சீராகப் போகையில் கொஞ்சம் கொஞ்சமாக மிதித்தால் வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது முழுதாக மிதித்தால் இழுவை நன்றாகவே இருந்தது. எஞ்சினின் சுற்றுவேகத்தைக் காட்டும் சுற்றுமானியின் முள் மேலே ஏற, கார் மட்டும் வேகமெடுக்காமல் இருந்திருந்தால் கியர்பெட்டியைச் சந்தேகித்திருக்க வேண்டும். எனக்கோ தயங்கும் கணத்தில் முள்ளும் சற்றுத் தாழ்ந்தது.

இந்தக் குறிப்புகளே பாதி வேலையை முடித்துவிட்டன. பம்ப் தளர்ந்திருந்தாலோ பெற்றோல் ஃபில்டர் அடைத்திருந்தாலோ, எஞ்சின் அதிகப் பெற்றோல் கேட்கும் நேரத்தில், அதாவது ஏற்றத்தில் நீண்ட நேரம் அழுத்தி மிதிக்கும்போது, இழுவை குறைந்துகொண்டே போகும். புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிட்டிக் கன்வேர்ட்டர் அடைத்தாலும் உயர் சுற்றில்தான் மூச்சு முட்டும். பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் பழுதென்றால், பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடி, பொறி பாய்வதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படும் நேரத்தில் மிஸ் அடிக்கும், அதாவது அந்தச் சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் தவறும். அது ஒரு விநாடியோடு நிற்காமல் தொடர்ந்து உதறும். காயிலைச் சந்தேகித்தால் புதிதாக வாங்க ஓட வேண்டியதில்லை. இரண்டு சிலிண்டர்களின் காயில்களை இடம் மாற்றிப் போட்டு, மிஸ் அடிப்பதும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்த்தால் போதும்.

மிதித்த கணத்தில் மட்டும் வரும் தயக்கம் பெரும்பாலும் காற்றுக் கணக்கில் ஏற்படும் பிழை. பெற்றோல் சரியாக எரிவதற்கு, எடைக்கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எயார் ஃபில்டரைத் தாண்டி வரும் காற்றை ஒரு சூடான மெல்லிய கம்பி அளந்து சொல்ல, அந்தக் கணக்கை வைத்துக் கணினி பெற்றோலைத் தெளிக்கிறது. திடீரென்று மிதிக்கும்போது காற்று பாய்ந்து உள்ளே வரும். அந்த நேரத்தில் அளவைக்குத் தப்பிக் கொஞ்சம் காற்று நுழைந்துவிட்டாலும் பெற்றோல் போதாமல் எஞ்சின் திணறும். அந்தக் கம்பியில் அழுக்குப் படிந்தாலும் இதே குணம்தான். அதைத் துணியால் தொடவே கூடாது. அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயை அடித்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்ட வேண்டும். நானே அதைச் செய்து பார்த்தேன், மாற்றம் தெரியவில்லை.

மூன்றாவதாகப் போனது கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய கராஜ். அங்கிருந்த வயதான பாஸ் எனது குறிப்புகளை முழுவதும் வாசித்துவிட்டு, காரின் கணினியை வாசிக்கும் ஸ்கேனரைப் பூட்டிக்கொண்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நின்ற நிலையில் பெற்றோல் திருத்த அளவு, அதாவது கணினி தன் கணக்குக்கு மேல் கூட்டிக் கொடுக்கும் பெற்றோல், 3 சதவீதம், அது சாதாரணம். நான் கிளம்பி மிதித்ததும் அது 20ஐத் தாண்டிப் பாய்ந்து, சீரான வேகம் வந்ததும் திரும்பவும் இறங்கியது. பெற்றோல் போதவில்லை என்று கணினி கூட்டிக் கூட்டிக் கொடுக்கிறது என்பது அதன் பொருள்.

கராஜுக்குத் திரும்பியதும் பொனெட்டைத் திறந்துவிட்டு, காருக்கு முன்னால் யாரும் நிற்க வேண்டாம் என்று எல்லோரையும் பக்கவாட்டுக்கு அனுப்பினார். "தம்பி, பிரேக்கை நல்லா அமத்திக்கொண்டு கியரை 'D'யிலை போடுங்கோ. ரெண்டு விநாடி மட்டும் மெல்ல மிதியுங்கோ" என்றார். மிதித்தேன். "காணும், விடுங்கோ. இப்ப நீங்கள் இறங்கி வாங்கோ, அவன் மிதிக்கட்டும். இந்த ஹோஸைப் பாருங்கோ."

உதவியாளர் மிதித்தபோது எஞ்சின் முழுவதும் பின்பக்கம் சரிந்தது. எயார் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ரொட்டில் பொடிக்குப் போகும் கறுப்பு ரப்பர் ஹோஸின் மடிப்புகள் விரிந்தன. கீழ்ப்பக்கத்து மடிப்பு ஒன்றில், ஒரு விரல் நீளத்துக்கு, மீன் வாய் திறப்பதுபோல ஒரு வெடிப்புத் திறந்தது. காலை எடுத்ததும் எஞ்சின் நிமிர்ந்தது, வெடிப்பு மூடிக்கொண்டது. மூடிய பிறகு அங்கே வெடிப்பு இருந்ததென்று தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை. ஃபில்டர் பெட்டி காரின் உடலோடு பூட்டப்பட்டது, த்ரொட்டில் எஞ்சினோடு ஆடுவது; இரண்டுக்கும் இடையில் இழுபடுவது இந்த ரப்பர்தான். முதல் கராஜில் எரியக்கூடிய ஸ்ப்ரேயை அடித்து, எஞ்சின் ஓட்டம் மாறுகிறதா என்று பார்த்துக் காற்றுக் கசிவு தேடியும் அகப்படாததற்குக் காரணம் இப்போது விளங்கியது: நிற்கும் காரில் பாரமின்றி ஓடும் எஞ்சினில் அந்த வாய் திறப்பதே இல்லை. சூடான எஞ்சின்மீது அப்படி ஸ்ப்ரே அடிப்பது தீப்பிடிக்கும் வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று வெடிப்பை இன்சுலேஷன் டேப்பால் இறுகச் சுற்றிக்கொண்டு வீடு வந்தேன். மேம்பாலத்தில் கார் தயங்கவில்லை. மறுநாள் பஞ்சிகாவத்தையில் பழைய ஹோஸ் ஒன்று தேடி எடுத்தேன். கடையில் நீட்டியவற்றுள் முதல் இரண்டையும் மடித்து விரித்துப் பார்த்தபோது அவையும் மடிப்பில் வெடித்திருந்தன, மூன்றாவதுதான் உதவியது. இத்தகைய ரப்பரை வாங்கும்போது ஒவ்வொரு மடிப்பையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

ஹோஸை மட்டும் மாற்றித் தருமாறு கேட்டபோது பாஸ் மறுத்துவிட்டார். எஞ்சின் அவ்வளவு சரிவதற்குக் காரணம் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் எஞ்சின் மவுண்ட் ஒன்றின் ரப்பர் கிழிந்திருந்ததுதான். அதை மாற்றாவிட்டால் புது ஹோஸும் அதே இடத்தில் கிழியும் என்றார். மவுண்டைப் புதிதாகவே வாங்கிப் பூட்டினோம். இப்போது மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் திரும்பவும் ஸ்கேனரைப் பூட்டி அதே மேம்பாலத்தில் ஏறிப் பார்த்தோம்; மிதிக்கும்போது அந்தத் திருத்த அளவு 6 சதவீதத்தைத் தாண்டவில்லை.