பிளாக் சப்பாத்தின் முதல் ரெக்கார்டும் இரண்டு பிளாஸ்டிக் விரலுறைகளும்

ஐந்து வாரமாக ஒரே ரெக்கார்டோடு உட்கார்ந்திருக்கிறேன். பிளாக் சப்பாத் என்கிற ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பம், ஆல்பத்தின் பெயரும் அதுவே. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, இங்கிலாந்தில் வெளியானது. பர்மிங்காமில் ஆஸ்டன் என்கிற தொழிற்சாலைப் பகுதியில் வளர்ந்த நான்கு பையன்கள். 1969 அக்டோபரில் லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோவில் ஒரே நாளில் பதிவு செய்துவிட்டுப் போய்விட்டார்கள். தொடக்கத்தில் கேட்கிற மழையும் மணியோசையும் மட்டும் பிறகு சேர்த்தது. இந்த ஆல்பத்தின் கிடார் பகுதிகளை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். எங்கே நிற்கிறேன் என்று எழுதி வைக்கிறேன்.

முதல் வாரம் முழுக்க வீண். ஹெவி மெட்டல் என்கிற கனத்த ராக் இசை இங்கேதான் பிறந்தது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அப்படியென்றால் தடித்த கம்பியும் தாழ்ந்த சுருதியும் வேண்டும் என்று நானாக முடிவு செய்து, 011 செட்டை (மெல்லிய கம்பியே 0.011 அங்குலத் தடிமன்) போட்டு, சி ஷார்ப் வரைக்கும் இறக்கி, ஆம்ப்பில் ஒலியைக் கரகரப்பாக்குகிற கெயினை முக்கால்வாசி திருப்பி வைத்து, ரெக்கார்டை ஓடவிட்டுக் கூடவே வாசித்தேன். சுருதியே சேரவில்லை. பிறகுதான் தேடிப் பார்த்தேன். குழுவின் கிடார் கலைஞர் டோனி அயோமி சுருதியை அப்படி இறக்கியது 1971இல், மூன்றாவது ஆல்பத்தில். முதல் ஆல்பம் சாதாரண ஸ்டாண்டர்ட் ட்யூனிங்தான். ரெக்கார்டில் கேட்கிற அந்தப் பாரம் சுருதியிலிருந்து வரவில்லை என்றால் வேறு எங்கிருந்து வருகிறது? அதிலிருந்துதான் இந்த வேலையே எனக்கு உண்மையில் ஆரம்பித்தது.

தலைப்புப் பாடலின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற கிடார் துணுக்கு, மொத்தம் மூன்றே ஸ்வரம். கீழ் ஜி, மேல் ஜி, அப்புறம் சி ஷார்ப். ஜியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் ஸ, மேல் ஸ, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமத்தில் நின்று நடுங்குகிறது. கல்யாணியில் கேட்டுப் பழகிய அதே ம2தான், ஆனால் இங்கே பஞ்சமத்துக்குப் போகாமல் அந்தரத்தில் விட்டுவிடுகிறார் அயோமி, வயிற்றைப் பிசைகிறது. பாஸ் வாசித்த கீஸர் பட்லருக்கு ஹோல்ஸ்ட் என்கிற ஆங்கிலேய இசையமைப்பாளரின் 'மார்ஸ்' மேல் பித்து. அதை அவர் தட்டிக்கொண்டிருந்ததிலிருந்துதான் இந்த ரிஃப் கிளைத்தது என்பது தெரிந்த கதை.

நான் வாசிப்பது இப்படி: ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டுக்கு (கிடார் கழுத்தின் குறுக்குப்பட்டை) ஆள்காட்டி விரல், நான்காவது கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மோதிர விரல், ஐந்தாவது கம்பியில் நான்காவது ஃப்ரெட்டுக்கு நடுவிரல். கடைசி ஸ்வரத்தின் நடுக்கத்துக்கு நடுவிரலை அசைக்காமல் வைத்து, மோதிர விரலால் பக்கத்து ஃப்ரெட்டைத் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். ஆக முழு ரிஃப்பும் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் மேலும் நிற்கிறது. அயோமிக்கு நுனி இல்லாத விரல்கள் சரியாக அந்த இரண்டும்தான்.

பதினேழு வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில், அந்த வேலையின் கடைசி நாளன்று, இயந்திரத்தில் வலது கை மாட்டி இரண்டு விரல் நுனிகளும் போய்விட்டன. இடது கைக்காரர், அதனால் ஃப்ரெட் பிடிக்கிற கையே அதுதான். இனி கிடார் இல்லை என்று கிடந்தவருக்கு ஃபேக்டரி மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ரெக்கார்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார், தீ விபத்துக்குப் பிறகு இரண்டே விரலால் சோலோ வாசித்த மனிதர் அவர். அதன் பிறகு அயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருண்டை பிடித்து, சால்டரிங் அயர்னால் துளைபோட்டு, உப்புத்தாள் வைத்து மணிக்கணக்கில் தேய்த்து, மேலே பழைய ஜாக்கெட்டின் தோலை ஒட்டி விரலுறை செய்துகொண்டார்.

மூன்றாவது வாரம் நானும் அதைச் செய்து பார்த்தேன். மொட்டைமாடியில் திறந்த வெளியில் வைத்துத்தான் உருக்கினேன், அந்த வாடை வீட்டுக்குள் கூடாது. முதல் உருண்டை துளைபோடும்போதே பிளந்தது. இரண்டாவது சரியாக வந்தது, ஆனால் கனம். 120 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 400இல் முடித்தேன், இரண்டு விரலுக்குமாக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. மேலே பழைய பெல்ட்டிலிருந்து சீவி எடுத்த மெல்லிய தோல். புதுத் தோல் கம்பியில் வழுக்கியது. பேன்ட் துணியில் தேய்த்துத் தேய்த்து மேற்பரப்பு பளபளத்த பிறகுதான் பிடிமானம் வந்தது.

மாட்டிக்கொண்டு வாசித்த முதல் பத்து நிமிடம் எனக்கு மறக்காது. கம்பி இருக்கிற இடமே தெரியவில்லை. விரலுக்கு எதுவும் எட்டுவதில்லை, காது மட்டும்தான் வழி. தெரியாத பயத்தில் அழுத்துகிறோம், அழுத்தினால் ஸ்வரம் ஏறிப்போகிறது, தடித்த கம்பியை வளைக்கவே முடியவில்லை. அப்போதுதான் அயோமி ஏன் மெல்லிய கம்பிக்குப் போனார் என்பது கைக்குப் புரிந்தது. அந்தக் காலத்தில் மெல்லிய கிடார் செட் கடையில் கிடைக்காமல் பாஞ்சோ கம்பிகளை வாங்கிப் போட்டிருக்கிறார்.

சரி என்று 011ஐக் கழற்றிவிட்டு 008 செட் போட்டேன். மெல்லிய கம்பியில் கொஞ்சம் அதிகம் அழுத்தினாலும் சுருதி விலகும். அதனால் கை தானாகவே இளகுகிறது. அடிப்பதும் இளகுகிறது. கெயினைப் பாதிக்குக் கீழே இறக்கினேன். அன்று ராத்திரி ஃபோனில் பதிவு செய்து கேட்டபோதுதான், முதல்முறையாக, அந்தப் பாரம் வந்திருந்தது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் அவர்கள் விடுகிற இடைவெளி பெரியது, டிரம்ஸ் வாசிக்கிற பில் வார்ட் ஜாஸ் பழகிய கையோடு அந்த இடைவெளிக்குள் உருட்டுகிறார், பாஸ் கிடாரோடு ஒட்டியே நகர்கிறது. நான் அந்த இடத்தையெல்லாம் இரைச்சலால் அடைத்து வைத்திருந்தேன். கெயின் குறைந்ததும் சி ஷார்ப்பின் நடுக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுந்தது.

ஒரு சிறு விஷயம். பதிவு நாளில் 'விக்கெட் வேர்ல்ட்' முடிந்ததும் அயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரில் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பகுதி, போய்விட்டது, கூடக் கொண்டுவந்திருந்த கிப்சன் எஸ்ஜி கிடாரை எடுத்து மீதியை முடித்தார். இங்கிலாந்து ஆல்பத்தில் அந்தப் பாட்டு இல்லை, சிங்கிளின் பின்பக்கத்தில் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன், ஸ்ட்ராட்டின் ஒலி கூர்மை, எஸ்ஜியில் நடுப்பகுதி தடிக்கிறது. என்னிடம் ஹம்பக்கர் (தடித்த ஒலி தரும் இரட்டைச் சுருள் பிக்கப்) கிடார் இருப்பதால் ஆல்பம் பக்கம் எனக்கு வசதி.

இப்போதைய நிலவரம்: தலைப்புப் பாடல், கடைசியில் வேகம் பிடித்து ஓடுகிற பகுதி உட்பட, விரலுறையோடு முழுதாக வருகிறது. 'என்.ஐ.பி.' ரிஃப் வருகிறது, சோலோ பாதிதான். 'தி விஸர்ட்' ரிஃப் உறை இல்லாமல் சுலபம், மாட்டினால் ஒவ்வொரு திருப்பத்திலும் அரை நொடி பிந்துகிறேன், அந்த அரை நொடியை அவர் எப்படித் தாண்டினார் என்று இன்னும் பிடிபடவில்லை. அந்தப் பாட்டில் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் வாசிக்கிற ஹார்மோனிகாப் பகுதியைத் தம்பி ஊதிப் பழகுகிறான்.

அடுத்தது 'வார்னிங்', பத்து நிமிடத்துக்கு மேல், பெரும்பகுதி கிடார் மட்டும். அதற்கு முன் மோதிர விரல் உறைக்குத் தோல் மாற்ற வேண்டும், ஆறாவது கம்பி உரசும் இடத்தில் கிழிய ஆரம்பித்துவிட்டது.