எதிருரை வந்த நாள்

வழக்கறிஞராகப் பதிவுசெய்த தொடக்க ஆண்டுகளில், தாக்கலான வழக்குரையைத் திருத்த அனுமதி கேட்கும் திருத்த மனு என்பது சர்வே எண்ணையும் எல்லை விவரத்தையும் சரிசெய்யும் சிறு வேலை என்றே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது, தம் பெயரில் கிரயம் பெற்ற நிலத்துக்கு பிறர் தலையிடாமல் தடுக்கும் நிரந்தர உறுத்துக்கட்டளை மட்டும் கோரி ஒரு மூதாட்டி தொடுத்திருந்த வழக்கு.

பிரதிவாதி தமது எதிருரையில், அதாவது வழக்குக்கு எழுத்தில் தந்த பதிலில், மூதாட்டியின் உரிமையையே மறுத்திருந்தார். உரிமையின் மீது அப்படி மெய்யான ஐயம் எழுப்பப்பட்டால், உறுத்துக்கட்டளையோடு உரிமை விளம்புகையும், அதாவது நிலம் தமதே என்ற நீதிமன்ற அறிவிப்பும், கோர வேண்டும் என்பதை 2008-இல் அனதுல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது. எதிருரையைப் பெற்று வழக்குக் கட்டில் சேர்த்தவன் நான்தான். மறுப்பைப் படித்தும், அந்த நாளிலிருந்து ஒரு கெடு ஓடத் தொடங்கிவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ளவில்லை. நான்காம் ஆண்டில், வாதியின் சாட்சியமாகும் நிரூபண வாக்குமூலம் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் குறை தெரிந்தது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 58-ஆவது உறுப்பு விளம்புகைக்குத் தருவது, வழக்கிடும் உரிமை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் மட்டுமே.

“நிலம் எம்பேர்லதானே இருக்கு, அதைக் கேக்கவும் கெடு உண்டாய்யா?” என்றார் அந்த அம்மா. என்னிடம் பதில் இல்லை.

விளம்புகையை மட்டும் சேர்த்து நான் எழுதிய மனுவைச் சீனியர் திருப்பிக் கொடுத்து, “வேலி போட்ட தேதி எங்கே?” என்று கேட்டார். வழக்கு நடக்கும்போதே, 2 ஆண்டுகளுக்கு முன், பிரதிவாதி கிழக்குப் பகுதியில் வேலியிட்டு நிலத்தைக் கைப்பற்றியிருந்தார். அதை நான் வெறும் அத்துமீறலாகவே பார்த்திருந்தேன். உரிமையின் அடிப்படையில் நிலத்தின் சுவாதீனத்தை, அதாவது கைவசத்தை, மீட்க 65-ஆவது உறுப்பு 12 ஆண்டுகள் தருகிறது. அந்தப் பரிகாரத்தோடு சேரும்போது விளம்புகையும் அதே கெடுவைப் பின்பற்றும் என்று வாதிடலாம். அந்தத் தேதி மனுவின் மையமானது.

புதிய வழக்காகத் தொடுத்தால் காலாவதியாகிவிடும் என்ற நிலையில் நீதிமன்றங்கள் பொதுவாகத் திருத்தத்தை மறுக்கும் என்றாலும், அது கருத்தில் கொள்ள வேண்டிய ஒரு காரணமே தவிர, அனுமதிக்கும் அதிகாரத்தைப் பறிப்பதன்று என்று 1957-இல் லீச் எதிர் ஜார்டின் ஸ்கின்னர் வழக்கில் சொல்லப்பட்டதை முன்வைத்தோம். எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது 2002-இன் சம்பத்குமார் எதிர் அய்யாக்கண்ணு தீர்ப்பு. அதிலும் உறுத்துக்கட்டளை வழக்கொன்றில், சுமார் 11 ஆண்டுகள் கழித்து விளம்புகையும் சுவாதீனமும் சேர்க்க அனுமதி கிடைத்தது. ஆனால் அக்கோரிக்கைகள் திருத்த மனு தாக்கல் செய்த நாளில் எழுப்பப்பட்டவையாகவே கொள்ளப்படும் என்ற நிபந்தனையோடு. எதிர்த்தரப்புக்குக் கிடைத்துவிட்ட காலவரையறைத் தற்காப்பைக் கெடுக்காமல் வாதிக்கு வழிவிடும் இந்த ஏற்பாட்டை நான் மிக நியாயமானதாகக் கருதுகிறேன். அதே நிபந்தனையை நாங்களே மனுவில் கேட்டோம்.

விசாரணை தொடங்காததால், விசாரணை தொடங்கிய பின் வரும் திருத்தத்தைக் கட்டுப்படுத்த, 2002-இல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 6-ஆவது கட்டளையின் 17-ஆவது விதியில் சேர்க்கப்பட்ட காப்புரை குறுக்கே நிற்கவில்லை. காலவரையறையை, வழக்கில் தீர்மானிக்க வேண்டிய தனி எழுவினாவாக வைத்து மனு அனுமதிக்கப்பட்டது.

உத்தரவில் கெடு குறிப்பிடப்படாவிட்டால் 14 நாட்களுக்குள் திருத்தத்தைச் செய்து முடிக்க வேண்டும் என்கிறது 18-ஆவது விதி. இம்முறை அந்தத் தேதியைக் கட்டின் மேலட்டையிலேயே எழுதினேன். சுவாதீனத்துக்கான கூடுதல் நீதிமன்றக் கட்டணத்தை அந்த அம்மா பத்தாம் நாள் கொண்டுவந்து தந்தார். அன்று மாலையே திருத்திய வழக்குரையைத் தாக்கல் செய்தேன்.