கூரை ஓட்டுக்கு வயசாக்கினேன்

மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு பக்கம் ஊட்டி மலைரயில் நிற்கிற மாதிரி ஒரு கற்பனை ஸ்டேஷன் மாடல், 1:87 அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு), அட்டையில். நிஜப் பாதை மீட்டர்கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) என்பதால் மாடலில் அந்த இடைவெளி 12 மி.மீ. கட்டி முடித்தபோது நேற்று வெள்ளையடித்த கல்யாண மண்டபம் போலப் பளபளத்தது.

பழசாகத் தெரியவேண்டுமென்று கறுப்பு வாட்டர்கலரைக் கடுங்காப்பித் தண்ணியாய்க் கரைத்து ஓட்டின்மேல் விட்டேன். பள்ளத்தில் தேங்கியது, மேட்டை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். தகரக் குழாய்க்குக் கீழே செங்கல்பொடியை மேலிருந்து ஒரே இழுப்பு. துரு வழிந்த தடம் அச்சாக வந்துவிட்டது!

தரைக்குத் தோட்டத்துச் செம்மண், டீ வடிகட்டியில் சலித்தது. தண்ணீர் கலந்த ஃபெவிக்காலைச் சொட்டவிட்டால் மண் உருண்டு திரண்டது. ஒரு சொட்டு ஷாம்பு சேர்த்ததும் சரியாக இறங்கியது.

அம்மா எட்டிப் பார்த்து, "ஏங்கண்ணு, புதுசா கட்டுன வீட்டை இப்படி நாசம் பண்ணி வெச்சிருக்கறே?" என்றார். அதுதானே வேண்டும்! பாக்குமரம் இன்னும் பாக்கி.