அண்ணன் அனுப்பிய புத்தகங்கள்

ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கி, அட்டை போட்டு, என் பெயரை எழுதி ஒரு கட்டுப் புத்தகம் அனுப்பியிருக்கிறார் அண்ணன். போனில் நன்றி சொன்னேன். "அதெல்லாம் எதுக்குங்க தம்பி, மொதல்ல படிங்க" என்று வைத்துவிட்டார். அவர் சொல்லவிடாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கோவையில் ஒரு நூல் மில்லில் இருவரும் வேலை பார்த்தோம். அவர் ஸ்பின்னிங்கில் சைடர், அதாவது நூற்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர்; நான் தர சோதனைக் கூடத்தில். ரிங் பிரேம் என்னும் அந்த இயந்திரங்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம்கூட கைச்சாடையில்தான் பேச முடியும். பஞ்சுத்தூசி தலைமுடி, புருவம் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். சோதனைக் கூடம் அப்படியில்லை. 27 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் என்று காற்றையே கட்டிக் காத்து வைத்திருப்போம், ஈரம் மாறினால் நூலின் எடையும் மாறிவிடும் என்பதால். ஒன்றரை கெஜச் சுற்றளவுள்ள ரீலில் எண்பது சுற்றுச் சுற்றினால் 120 கெஜம், அது ஒரு லீ. நாற்பதாம் நம்பர் நூலென்றால் (நம்பர் கூடக் கூட நூல் மெலியும்) அந்த லீ 1.62 கிராம் நிற்க வேண்டும். கூடினால் நூல் தடிப்பு, குறைந்தால் மெலிவு. முழு நைட் ஷிப்டில் இதையே விடிய விடியப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் தூக்குப் போசியோடு அங்கே வந்துவிடுவார். பெரும்பாலும் அரிசிம்பருப்புச் சோறு, மேலே கொஞ்சம் நெய். எனக்கும் சேர்த்தே அண்ணி போட்டு அனுப்பியிருப்பார். சாப்பிட்டுக் கை கழுவியதும் சட்டைக்குள்ளிருந்து நூலகப் புத்தகம் ஒன்று வெளியே வரும். கிளை நூலகத்தில் அவர் பெயரில்தான் எடுப்பது. முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து வாசிப்பார், நான் கேட்பேன். மிச்சத்தை நான் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் திருப்பித் தருவேன். பள்ளியில் பாடத்தைத் தவிர வேறெதையும் தொடாத என்னை வாசிக்க வைத்தவர் அவர்தான்.

எதை வாசிக்க வேண்டும் என்பதில் அவருக்குப் பிடிவாதம் உண்டு. "நம்ம மண்ணைப் பத்தி எழுதுனதை நாம படிக்காம வேற யாருங்க படிப்பாங்க?" என்பார். 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் நால்வரைப் பற்றி முதன்முதலில் எனக்குச் சொன்னவரும் அவர்தான். நாங்கள் நின்று வேலை பார்த்த தொழிலுக்கு அப்படியொரு கதை இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. அப்புறம் ஷிப்டுக்குள் நுழையும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன், உண்மையாகவே.

பிறகு மில்லை மூடினார்கள். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எங்களைப் போல எத்தனையோ பேர். அண்ணன் காங்கேயம் பக்கம் விவசாயக் காட்டைப் பார்க்கப் போய்விட்டார். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தேன்.

இப்போது வந்த புத்தகக் கட்டின் மேலே இருந்தது ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942இல் வந்த நாவல். தமிழின் முதல் வட்டார நாவல் என்று பலரும் சொல்வது. அந்த நாளில் நூலகத்தில் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் போன புத்தகம் இது. அதை அவர் மறக்கவில்லை என்பதுதான் என்னை உலுக்கிவிட்டது. ஒரே மூச்சில் படித்தேன். கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் குடும்பத்தோடு இருந்துகொண்டே நிலத்தில் பங்கு கேட்கிறாள். அந்தப் பேச்சும் காடும் தோட்டமும் நான் வளர்ந்த ஊரேதான். பங்குப் பேச்சு வந்தால் உறவு எப்படி முறுக்கிக்கொள்ளும் என்பதை அவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறார்.

அண்ணனுக்கு நாகம்மாள் மேல் வருத்தம் அதிகம், குடும்பத்தைக் கலைத்துவிட்டாள் என்கிறார். அவள் கேட்டது நியாயம் என்பது என் கட்சி. போனில் பேசித் தீருகிற வழக்கில்லை இது. பொங்கல் நோம்பிக்குக் காங்கேயம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.